குறுந்தொகையை வைத்து ஒரு டிஜிட்டல் ஆய்வைத் தொடங்குவது எப்படி?

"டிஜிட்டல் ஹியூமானிட்டீஸில் ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறேன்" என்று வரும் ஆய்வு மாணவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எந்த நூலை நீங்கள் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்திருக்கிறீர்கள்? மென்பொருளைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம். படிக்காத நூலைக் கணினியில் போட்டு எண்ணினால், வருகிற எண் சரியா தப்பா என்று உங்களால் சொல்ல முடியாது. படித்த நூல் என்றால் திரையில் எண்ணைப் பார்த்ததுமே "இவ்வளவு குறைவாக இருக்க வாய்ப்பில்லையே" என்று மனதில் உறுத்தும். அந்த உறுத்தல் இல்லாமல், இலக்கியம், வரலாறு போன்றவற்றைக் கணினி கொண்டு ஆயும் இந்தத் துறையில் காலம் தள்ள முடியாது.

இந்த வழிகாட்டி எம்.ஏ., எம்.ஃபில். முடித்து முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கும் தமிழ், வரலாறு, மொழியியல் துறை மாணவர்களுக்கானது. நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. குறுந்தொகையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். கடவுள் வாழ்த்தோடு சேர்த்து 402 பாடல்கள், எல்லாமே சின்னப் பாடல்கள். ஒரு மாதத்தில் நிதானமாகப் படித்துவிடலாம். ஒவ்வொரு பாட்டுக்கும் யார் யாரிடம் சொன்னது என்ற கூற்றுக் குறிப்பும் இருக்கிறது. இப்படி ஒழுங்காகக் குறிப்போடு வரும் தொகுப்பு, தொடக்கநிலை ஆய்வாளருக்கு எளிதில் கிடைக்காது.

முதலில் கேள்வி

இந்தத் துறையின் தொடக்கமாக எல்லோரும் சொல்வது ரொபர்ட்டோ பூசா என்ற இத்தாலிய சேசு சபைப் பாதிரியாரின் வேலை. அவர் 1949இல் ஐ.பி.எம். நிறுவனத் தலைவர் தாமஸ் வாட்சனைப் போய்ப் பார்த்தார். தாமஸ் அக்குவினாசின் இலத்தீன் நூல்கள் முழுவதற்கும் சொல்லடைவு தயாரிக்க இயந்திரம் வேண்டும் என்று கேட்டார். அதற்கு முன்பே அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. அக்குவினாசிடம் 'இறை இருப்பு' என்ற கருத்து எப்படி வருகிறது என்று தேடியவர், அது பெயர்ச்சொற்களைவிட 'இல்', 'உள்' என்று பொருள்தரும் ஒரு சின்ன முன்னிடைச்சொல்லோடு ஒட்டிக்கிடப்பதைக் கண்டுபிடித்தார். அந்தச் சொல் வரும் இடங்களைக் கையாலேயே ஆயிரக்கணக்கான அட்டைகளில் எழுதி எடுத்தார். இயந்திரத்தைத் தேடிப் போனது அதற்குப் பிறகுதான்.

நம் ஆட்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பயிலரங்கில், நூலில் வரும் சொற்களை எண்ணிக் காட்டும் வோயான்ட் மென்பொருளைக் காட்டுவார்கள். அதில் சங்க இலக்கியத்தைக் கொட்டினால் அழகாக ஒரு சொல்மேகம் வரும். அதை வைத்து ஓர் இயல் எழுதிவிடுவார்கள். பெரிய எழுத்தில் வந்த சொல் நிறைய வருகிறது என்பதைத் தவிர அந்த இயலில் வேறு ஒன்றும் இருக்காது.

கேள்வி சிறியதாக இருக்கட்டும். கையால் செய்தாலும் செய்து முடிக்கக்கூடியதாக, ஆனால் கையால் செய்தால் அலுத்துப்போகும் அளவில் இருந்தால் நல்லது. நான் இங்கே எடுத்துக்கொள்வது: குறுந்தொகையில் 'வாழி' என்ற சொல்லை யார், யாரைப் பார்த்து, எந்தச் சூழலில் சொல்கிறார்கள்? 'அம்ம வாழி தோழி' என்று தொடங்குவதை எல்லோரும் படித்திருப்போம். தலைவி தோழியை அழைக்கும்போது வருவதற்கும், தோழி தலைவனிடம் பேசும்போது வருவதற்கும் வேறுபாடு உண்டா? உரையாசிரியர்கள் சில இடத்தில் இதற்கு வாழ்த்தாகப் பொருள் சொல்வார்கள், சில இடத்தில் அசைநிலை, அதாவது தனிப் பொருள் இல்லாத சொல், என்று விட்டுவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் கூற்றுக்கும் ஏதாவது தொடர்பு தெரிகிறதா? கேள்வியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். வழியில் நூறு கவர்ச்சிகள் வரும்.

எந்தப் பதிப்பு, யாருடைய உரிமை

குறுந்தொகையின் முதல் அச்சுப் பதிப்பு 1915இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் கொண்டுவந்தது. உ.வே.சாமிநாதையரின் பதிப்பு 1937இல் வந்தது. அதற்குப் பிறகும் பல பதிப்புகள் உண்டு. பாடமும் குறிப்புகளும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். இணையத்தில் கிடைக்கும் 'குறுந்தொகை' எந்தப் பதிப்பைப் பார்த்துத் தட்டச்சு செய்தது என்று அந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், அதைத் தேடிப்பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள். ஆய்வுக்கு அடிப்படையாக வைக்காதீர்கள்.

மூலங்களைத் தேட வேண்டிய இடங்கள் ஏற்கெனவே தெரிந்தவைதான். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தட்டச்சு செய்த பாடம் கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இண்டர்நெட் ஆர்க்கைவிலும் பழைய அச்சுப் பதிப்புகளின் படிமங்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்கள், இதழ்கள் என்றால் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம். பழைய இதழ்களையும் குஜிலி நூல்கள் எனப்படும் மலிவு வெளியீடுகளையும் தேடுபவர்கள் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு நேரில் போவதுதான் நல்லது. இணையத்தில் தெரியாத பலவற்றைப் பற்றி அங்கே இருப்பவர்களே சொல்வார்கள். சொற்பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடலாம்.

உரிமை விஷயத்தில் குழப்பம் வேண்டாம். இந்தியாவில் ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த சனவரியிலிருந்து 60 ஆண்டுகள் காப்புரிமை. இலங்கையில் 70 ஆண்டுகள். 1942இல் மறைந்த உ.வே.சா.வின் உரை 2003 முதல் யாரும் பயன்படுத்தலாம். சங்கப் பாடல் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் போன வருடம் ஒருவர் அதற்கு எழுதிய உரையும் அடிக்குறிப்பும் அவருக்குச் சொந்தம். அதை அப்படியே எடுத்து உங்கள் தரவுத்தொகுப்பில் போட்டு வெளியிட முடியாது. தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கிய நூல்கள் என்றால் 60 ஆண்டுக் கணக்கே பார்க்க வேண்டியதில்லை.

படத்திலிருந்து எழுத்துக்கு

நம்பகமான பதிப்பு படமாக மட்டும் கிடைத்தால் ஓ.சி.ஆர். செய்ய வேண்டியிருக்கும், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தட்டச்சு எழுத்தாக மாற்ற வேண்டும். எளிய வழி: கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறப்பது. தமிழ் நன்றாகவே வரும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் என்றால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருளைத் தமிழ் மாதிரியோடு நிறுவிக்கொள்ளுங்கள். நீங்களே வருடுவதாக இருந்தால் 300 டி.பி.ஐ.க்குக் குறையாமல் எடுங்கள். கைப்பேசியில் எடுத்த சாய்ந்த படம் பிற்பாடு உங்களுக்கே வேலை வைக்கும்.

பழைய அச்சில் கணினி தடுமாறும் இடங்களைத் தெரிந்து வைத்துக்கொண்டால் பிழை திருத்தம் சுலபமாகும். துணைக்காலும் 'ர'வும் பல பழைய எழுத்துகளில் ஒரே மாதிரி இருக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய நூல்களில் 'லை', 'னை', 'ணை', 'ளை' எல்லாம் தும்பிக்கை வைத்த வடிவில் வரும். 'ணா', 'றா', 'னா' மூன்றுக்கும் தனி உருவம். ன, ண, ள மூன்றும் மங்கிய அச்சில் மாறி மாறி விழும். அடிக்குறிப்பு பாட்டுக்குள் புகுந்துவிடும். பாட்டு எண்கள் தமிழ் எண்களில் இருந்தால் 'க', 'உ' என்று எழுத்தாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஓலைச்சுவடி, கையெழுத்துப்படி ஆகியவற்றுக்கு டிரான்ஸ்கிரிபஸ், ஈஸ்கிரிப்டோரியம் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றைப் பழக்கப்படுத்த நீங்களே முதலில் நிறையப் பக்கம் படித்துப் பெயர்த்துக் கொடுக்க வேண்டும். முதல் ஆய்வுக்கு இது வேண்டாம் என்பது என் கருத்து.

சுத்தம் செய்வது

ஆய்வு நேரத்தில் பெரும்பகுதி இங்கேதான் போகும். உங்கள் கால அட்டவணையில் இதற்கு ஒரு வாரம் என்று போட்டிருந்தால் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் சிக்கல், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். இரண்டும் திரையில் ஒன்றுதான். தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். இதற்கு என்.எஃப்.சி. என்ற இயல்பாக்கம் இருக்கிறது. எந்த நிரல்மொழியிலும் ஒரே கட்டளையில் சரியாகிவிடும்.

ஆனால் ஔகாரம் அப்படிச் சரியாகாது. 'கௌதமன்' என்று அடிப்பதற்குப் பதில் 'கெ' அடித்து அதன் பக்கத்தில் 'ள' அடித்து 'கெளதமன்' என்று எழுதியிருப்பார்கள். நம் இணையப் பக்கங்கள் பலவற்றில் இந்த நிலைதான். கணினியைப் பொறுத்தவரை இது க், எ, ள என்று முறைப்படி எழுதிய ஒரு சொல். இயல்பாக்கம் அதைத் தொடாது. சரி, 'ெ'யும் 'ள'வும் அடுத்தடுத்து வந்தால் 'ௌ' என்று மாற்றிவிடு என்று ஒரு கட்டளை கொடுத்தால்? 'தெளிவு', 'வெள்ளம்' எல்லாம் நாசமாகும். 'ள'வுக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடத்தில் மட்டும் மாற்று என்று சொல்லலாம். குறுந்தொகைக்கு அது போதும். ஆனால் அதே கட்டளையை வட்டார வழக்குச் சிறுகதைகள் மேல் ஓட்டினால் 'கெளம்பிட்டான்' என்பது 'கௌம்பிட்டான்' ஆகிவிடும். அதனால்தான் எந்த மாற்றமும் 'அனைத்தையும் மாற்று' பொத்தானில் நடக்கக் கூடாது. மாறப்போகும் இடங்களைப் பட்டியலாக எடுத்து, கண்ணால் பார்த்து, அப்புறம் மாற்றுங்கள்.

'ஸ்ரீ'க்கும் இப்படி இரண்டு வகை எழுத்தமைப்பு உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை எழுத்துரு மாற்றும் மென்பொருள் மூலம் யூனிகோடாக்கினால், நடுவில் இருந்த ஆங்கிலச் சொற்கள் புரியாத தமிழாக மாறி நிற்கும். மேற்கோள் குறிகளும் இடம் மாறும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கும் பழைய தமிழ் ஆய்வேடுகளிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டிப் பாருங்கள், நான் சொல்வது புரியும்.

இரண்டாவது சிக்கல் சீர். மரபான அச்சில் இடைவெளி சொல்லை வைத்து வராது, சீரை வைத்துத்தான் வரும். இதைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குறுந்தொகை மூன்றாம் பாட்டு மரபான அச்சில் இப்படி இருக்கும்:

நிலத்தினும் பெரிதே வானினு முயர்ந்தன்று
நீரினு மாரள வின்றே சாரற்
கருங்கோற் குறிஞ்சிப் பூக்கொண்டு
பெருந்தே னிழைக்கு நாடனொடு நட்பே

கணினி இடைவெளியை வைத்துத்தான் சொல்லைப் பிரிக்கும். அதன்படி இந்தப் பாட்டில் 'முயர்ந்தன்று' ஒரு சொல், 'மாரள' ஒரு சொல், 'வின்றே' ஒரு சொல். 'தேன்' என்று தேடினால் இந்தப் பாட்டு கிடைக்காது. தேனின் பாதி 'பெருந்தே'யிலும் மீதி 'னிழைக்கு'விலும் இருக்கிறது. 'சாரல்' என்று தேடினாலும் கிடைக்காது, அது 'சாரற்' ஆகிவிட்டது. 'மா' என்று தொடங்கும் சொற்களை எடுத்தால், இல்லாத மா ஒன்று 'மாரள'விலிருந்து வந்து சேரும்.

ஆகவே சொல் பிரித்த பாடம் ஒன்று வேண்டும். பிரித்த பதிப்புகள் இணையத்தில் உண்டு. ஆனால் யார் எந்த விதிப்படி பிரித்தது என்று தெரியாமல் எடுக்காதீர்கள். நான் பரிந்துரைப்பது, சீர் பிரித்த பாடத்தை விரிதாளின் ஒரு பத்தியிலும் (நெடுவரிசையிலும்) நீங்கள் சொல் பிரித்த பாடத்தைப் பக்கத்துப் பத்தியிலும் வைத்துக்கொள்வது. முதலாவதைத் தொடவே கூடாது. தேர்வாளர் ஒருவர் "இங்கே இப்படிப் பிரித்தது தப்பு" என்று சொன்னால் மூலத்தைக் காட்ட அது இருக்கும். பிரிப்பதற்கான விதிகளையும் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள்: உம்மையைப் பிரிப்பதா, சேர்த்தே விடுவதா? 'குறிஞ்சிப் பூ' இரண்டா ஒன்றா? எப்படி முடிவு செய்தாலும் சரி, எல்லாப் பாட்டுக்கும் ஒரே முடிவாக இருக்க வேண்டும்.

தானாகப் பிரித்துத் தரும் உருபனியல் பகுப்பாய்விகள் தமிழுக்கு இருக்கின்றன, தமிழிமார்ஃப் போன்றவை. அவை இக்காலத் தமிழுக்காகச் செய்தவை. சங்கப் பாட்டில் அவை தடுமாறுவதற்கு அவற்றைக் குறை சொல்ல முடியாது. செயற்கை நுண்ணறிவு அரட்டைச் செயலிகளிடம் பாட்டைக் கொடுத்துப் பிரிக்கச் சொன்னால் பிரித்துத் தரும், பல இடத்தில் சரியாகவும் இருக்கும். "குறுந்தொகையில் வாழி வரும் பாடல்களைச் சொல்" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இல்லாத பாட்டு எண்ணையும் இல்லாத அடியையும் கூசாமல் எழுதித் தரும்.

செய்த ஒவ்வொரு மாற்றத்தையும் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சாதாரண உரைக்கோப்பு போதும். ஆய்வேட்டில் 'ஆய்வு முறையியல்' என்ற இயலின் பாதி அங்கிருந்துதான் வரப்போகிறது.

அட்டவணை

நூலின் பகுதிகளைக் கணினிக்குப் புரியும்படி அடையாளமிடும் டி.இ.ஐ. என்ற குறியீட்டு முறையைப் பற்றி எல்லா அறிமுக நூல்களும் பேசும். 1987இல் தொடங்கிய நல்ல தரம் அது; ஒரு பதிப்பையே மின்வடிவில் கொண்டுவருவதாக இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். நம் கேள்விக்கு ஒரு விரிதாள் போதும்.

பாட்டுக்கு ஒரு வரிசை. பாட்டு எண், புலவர், திணை, கூற்று, அடி எண்ணிக்கை, சீர்ப் பாடம், பிரித்த பாடம், 'வாழி' உண்டா, உண்டென்றால் யாரை நோக்கி, வாழ்த்தா அசையா, குறிப்பு. இவை பத்திகள். ஒரு கட்டத்தில் ஒரு செய்திதான் இருக்க வேண்டும்.

எளிதாகத் தெரியும் பத்திகள்தான் படுத்தும். மூன்றாம் பாட்டின் கூற்றுக் குறிப்பைப் பாருங்கள்: தலைமகன் சிறைப்புறமாக, அவன் வரைந்துகொள்வது வேண்டி, தோழி இயற்பழித்தவழி, தலைமகள் இயற்பட மொழிந்தது. தோழி தலைவனின் இயல்பைப் பழிக்க, தலைவி அவனை உயர்த்திப் பேசுகிறாள். பேசுவது தலைவி. நேரே கேட்பவள் தோழி. வேலிக்குப் பின்னால் நின்று கேட்பவன் தலைவன், உண்மையில் பேச்சு அவனுக்காகத்தான். 'கேட்பவர்' என்று ஒரு பத்தி போட்டால் அதில் யாரை எழுதுவீர்கள்? 'முன்னிலை', 'மறைந்து கேட்பவர்' என்று இரண்டு பத்தி வேண்டும் என்பது இதுபோல ஒரு பாட்டை அட்டவணைக்குள் திணிக்க முயலும்போதுதான் தெரியும். இருபது பாட்டு முடிந்ததும் நிறுத்தி, பத்திகளை மறுபடி வடிவமைத்துவிட்டு அப்புறம் தொடருங்கள்.

இன்னொன்று: கூற்றுக் குறிப்பு பாட்டை எழுதிய புலவருடையது கிடையாது, பிற்காலத்தில் தொகுத்தவர்கள் சேர்த்தது. உங்கள் பத்தியின் தலைப்பு 'பேசுபவர்' என்று இருப்பதைவிட 'கூற்றுக் குறிப்பின்படி பேசுபவர்' என்று இருந்தால் நேர்மையாக இருக்கும்.

வெற்றுக் கட்டம் விடாதீர்கள். சில பாடல்களுக்குப் புலவர் பெயர் கிடைக்கவில்லை. அங்கே 'பெயர் இல்லை' என்று எழுதுங்கள். காலியாக விட்டால், நிரப்ப மறந்துவிட்டீர்களா, நூலிலேயே இல்லையா என்று ஆறு மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது. பெயர்களில் வரும் சின்னச் சின்ன வேறுபாடுகளை ஒன்றுசேர்க்க ஓப்பன் ரிஃபைன் என்ற மென்பொருள் உதவும்.

தட்டச்சு முடிந்ததும் ஒரு சோதனை. குறுந்தொகைப் பாடல்கள் 4 முதல் 8 அடி என்று நமக்குத் தெரியும். அடி எண்ணிக்கைப் பத்தியை வரிசைப்படுத்துங்கள். மூன்று அடியுள்ள பாட்டு வந்தால் ஓரடி விடுபட்டிருக்கிறது. 9 அடியோடு 307, 391 இரண்டும் வரும், அவை அப்படித்தான். வேறு எது வந்தாலும் நூலைத் திறந்து பாருங்கள்.

சேமிக்கும்போது சி.எஸ்.வி. வடிவில், யு.டி.எஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். அந்தக் கோப்பை எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரிந்து நெஞ்சு பதறும். ஒன்றும் ஆகியிருக்காது, சேமிக்காமல் மூடிவிட்டு, லிப்ரே ஆபீஸில் குறியாக்கத்தைத் தேர்ந்து திறங்கள்.

எண்ணுவது

ஆன்ட்காங்க் என்ற இலவச மென்பொருள் ஒரு சொல் வரும் எல்லா இடத்தையும் முன்பின் சொற்களோடு வரிசையாகக் காட்டும். நிறுவியதும் அதன் சொல் வரையறை அமைப்பைப் பாருங்கள். 'எழுத்து' என்ற வகை மட்டும் தேர்ந்திருந்தால், உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்தில் சேராது. அந்தக் குறிகள் வகையையும் சேர்க்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் வேலை செய்பவர்களுக்கும் இதே பொறி உண்டு. அதன் வழக்கமான தேடல் குறியீட்டை வைத்து 'தமிழ்' என்ற சொல்லைப் பிரித்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டு வரும். நீளம் கேட்டால் 5 என்று சொல்லும். ஓப்பன்-தமிழ் என்ற நிரலகத்தைப் பயன்படுத்தினால் த, மி, ழ் என்று மூன்று எழுத்தாகச் சரியாகப் பிரிக்கும். ஆங்கிலத்துக்கு எழுதிய பயிற்சிப் பாடத்தை அப்படியே பின்பற்றிய பல தமிழ்க் கட்டுரைகளின் எண்கள் இந்த ஒரு காரணத்தாலேயே நம்பத் தகாதவை.

வோயான்ட் உலாவியிலேயே ஓடும். நீங்கள் ஏற்றும் கோப்பு வெளியே ஒரு சர்வருக்குப் போகிறது என்பதை மறக்க வேண்டாம். நேர்காணல் பதிவுகள், உரிமையுள்ள நூல்கள் என்றால் அதன் தரவிறக்கப் பதிப்பை உங்கள் கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள்.

இனி 'வாழி'. தேடினால் வாழி, வாழிய, வாழியர் எல்லாம் வரும். எதையெல்லாம் சேர்ப்பது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். வேறு நூல்களுக்குப் போனால் 'திருவாழி' போன்ற இடங்களில் வகர உடம்படுமெய்யோடு வரும் 'ஆழி'யும் வந்து கலக்கும். வந்த ஒவ்வொரு இடத்தையும் பாட்டோடு வைத்துப் படித்து, வாழ்த்தா அசையா என்று பத்தியில் எழுதுங்கள். இதைக் கணினி செய்யாது. ஐம்பது பாட்டைத் துறையில் இன்னொருவரிடம் கொடுத்துத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இருவரும் எங்கே வேறுபடுகிறீர்களோ அங்கேதான் பெரும்பாலும் ஆய்வேட்டின் நல்ல பக்கங்கள் இருக்கும்.

தலைவி கூற்றில் 'வாழி' அதிகம் என்று முடிவு வந்தால் குதிக்காதீர்கள். குறுந்தொகையில் தலைவி கூற்றுப் பாடல்களே மற்றவற்றைவிட அதிகம். அந்தந்தக் கூற்றின் மொத்த அடிகளுக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும்.

பிற தொகைகளோடு ஒப்பிடும் ஆசை வரும். ஐங்குறுநூற்றை எடுத்துக்கொண்டால், தொடக்கத்திலேயே வேட்கைப் பத்து. பத்துப் பாட்டும் 'வாழி ஆதன் வாழி அவினி' என்றுதான் தொடங்கும். இருபது 'வாழி' அங்கேயே வந்துவிட்டது. அத்தனையும் அரசனை வாழ்த்துவது. தோழியை விளிப்பதோடு அதற்குச் சம்பந்தமில்லை. பின்னால் அம்ம வாழிப் பத்து என்று ஒரு பத்துக்கு அந்தத் தொடராலேயே பெயர். தொகுப்பின் கட்டமைப்பே சொல்லைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரும்போது, வெறும் எண்ணிக்கையை வைத்து "ஐங்குறுநூற்றில் வாழ்த்து மிகுதி" என்று எழுதினால் நூலைத் திறக்காதவர் என்று பிடிபட்டுவிடுவீர்கள். பத்துக்கு ஒருமுறை மட்டும் எண்ணியும், எல்லாவற்றையும் எண்ணியும் இரண்டு கணக்கையும் கொடுங்கள்.

சிறிய தரவுக்குப் பெரிய புள்ளியியல் வேண்டாம். எல்லா இடங்களையும் பின்னிணைப்பில் பட்டியலாகப் போட்டுவிட்டால் படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

பல்கலைக்கழகத்துக்குள்

நெறியாளருக்கு இந்தத் துறை பழக்கமில்லாமல் இருக்கலாம். அது தடையே இல்லை; குறுந்தொகை அவருக்குப் பழக்கம், அதுதான் முக்கியம். கணினிப் பக்கத்துக்குக் கணினி அறிவியல் துறையிலோ மொழியியல் துறையிலோ ஒருவரை ஆய்வு ஆலோசனைக் குழுவில் உறுப்பினராகச் சேர்க்க முடியுமா என்று பதிவின்போதே கேளுங்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைப்படி ஒவ்வொரு செமஸ்டரும் அந்தக் குழுவின் முன் வேலையைக் காட்ட வேண்டும். முதல் செமஸ்டரில் காட்ட உங்களிடம் முடிவுகள் இருக்காது, ஐம்பது பாட்டுக்கான அட்டவணைதான் இருக்கும். அதைத் தயங்காமல் காட்டுங்கள். பத்திகளைப் பற்றி அங்கே எழும் கேள்விகள் பின்னால் ஒரு வருட வேலையை மிச்சப்படுத்தும்.

நிரல் எழுதிக் கொடுத்த நண்பருக்கு நன்றியுரையில் ஒரு வரி போட்டால் போதாது. கட்டுரையாக வெளியிடும்போது அவர் பெயரும் ஆசிரியர் வரிசையில் வரவேண்டுமா என்று வேலை தொடங்கும் முன்பே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி இதனால்தான்.

முன்மாதிரியாகப் பார்க்க இந்தியாவிலேயே ஒன்று இருக்கிறது: ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் தாகூரின் கையெழுத்துப்படிகளையும் பதிப்புகளையும் ஒப்பிட்டு 2013இல் வெளியிட்ட விசித்ரா. வங்காளம் தெரியாவிட்டாலும் பாட வேறுபாடுகளை எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். 1997இலிருந்து நடந்துவரும் தமிழ் இணைய மாநாடுகளின் கட்டுரைத் தொகுதிகளும் இணையத்தில் உண்டு. நீங்கள் யோசித்ததை யாராவது ஏற்கெனவே செய்திருக்கிறார்களா என்று அங்கே தேடிவிட்டுத் தலைப்பைப் பதிவு செய்யுங்கள்.

மேற்கோள்களைத் திரட்ட ஸொட்டேரோ என்ற மென்பொருளை முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். தமிழ்ப் பெயர்களில் முன்னெழுத்தை எங்கே போடுவது என்று அது குழம்பும். ஒரே கட்டமாக முழுப் பெயரையும் இடுவதற்கு வசதி இருக்கிறது, அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

தரவை வெளியிடுவது

கோப்புகள் மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, இணையத்தில் ஒன்று என மூன்று இடத்தில் இருக்கட்டும். கோப்புகளின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தைப் பழகிக்கொண்டால் எந்த நாளில் எதை மாற்றினீர்கள் என்பதும் பதிவாகிவிடும். 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி இதுதான்' என்று கோப்புக்குப் பெயர் வைக்கும் பழக்கமும் ஒழியும்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் அட்டவணை, பிரிப்பு விதிகள், மாற்றக் குறிப்பேடு மூன்றையும் செனோடோவில் ஏற்றுங்கள். ஐரோப்பிய அணு ஆய்வு நிறுவனமான செர்ன் நடத்தும் இலவசக் களஞ்சியம் அது, ஏற்றியதும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை ஆய்வேட்டின் முறையியல் இயலில் போட்டுவிட்டால், வேறு யாராவது உங்கள் அட்டவணையைப் பயன்படுத்தும்போது முறைப்படி மேற்கோள் காட்டுவார்கள். ஏற்றும்போது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். உரிமையுள்ள உரையிலிருந்து எடுத்த பத்தி ஏதாவது அட்டவணையில் இருந்தால், அந்தப் பத்தியை நீக்கிய படியை ஏற்றுங்கள்.

வாய்மொழித் தேர்வில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "இதைக் கணினி இல்லாமலே சொல்லியிருக்கலாமே?" பதறாமல், ஆமாம், ஒரு பாட்டுக்குச் சொல்லியிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். பிறகு பின்னிணைப்பைத் திறந்து, உங்கள் முடிவுக்கு எதிராக நிற்கும் பாடல்களை முதலில் காட்டுங்கள். எல்லாப் பாட்டையும் ஒரே விதியில் வைத்துப் பார்த்ததால்தான் அவை கண்ணில் பட்டன என்று சொல்ல அப்போது உங்களிடம் பாட்டு எண்கள் இருக்கும்.